கேம் ரிவ்யூக்களின் எழுத்துத் தரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் விளையாடுவதற்குச் சமமாக கேம் ரிவ்யூ படிக்கவும் எனக்குப் பிடிக்கும். இது தெரிந்த நண்பர்கள் புதுசாக எது வந்தாலும் "எந்த ரிவ்யூவை நம்புறது?" என்று ஆரம்பித்து வரிசையாக அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டேன். இங்கே பேசுவது தொழில்முறை ரிவ்யூக்களைப் பற்றி மட்டும், அதாவது எழுதுவதற்குக் காசு வாங்குகிறவர்கள் பத்திரிகையிலும் இணையதளங்களிலும் எழுதுவது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கேம் நல்லா இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதாதா? ரிவ்யூல எழுத்து நல்லா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

யாருக்கு நல்லா இருக்கு என்று தெரியாமல் "நல்லா இருக்கு" என்பதை வைத்து என்ன செய்வீர்கள்? நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கேம் வாங்கப் போகிறீர்கள். எழுதியவர் பொறுமையாக ஊர் சுற்றிப் பார்க்கிற ஆளா, சண்டை வராவிட்டால் பத்து நிமிஷத்தில் கொட்டாவி விடுகிற ஆளா என்பது தெரிந்தால்தான் அவருடைய கருத்து உங்களுக்குப் பயன்படும். அதை மார்க் சொல்லாது, வாக்கியங்கள்தான் சொல்லும்.

அதனால் எழுத்துத் தரம் என்று நான் சொல்வது அலங்காரத்தை அல்ல. அவர் விளையாடியபோது என்ன நடந்தது, அது ஏன் பிடித்தது அல்லது எரிச்சலூட்டியது என்பதை, அந்த கேமைப் பார்த்தே இராத ஒருவருக்கு விளங்கும்படி சொல்லும் திறமை. அது இல்லாத ரிவ்யூ எவ்வளவு பெரிய சைட்டில் வந்தாலும் எனக்கு வேண்டாம்.

எனக்கு இங்கிலீஷ் சுமாராத்தான் வரும். நல்ல எழுத்து எது, ஒப்புக்கு எழுதினது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு பத்தியை எடுத்து, அதில் உள்ள கேமின் பெயரை அடித்துவிட்டு வேறொரு கேமின் பெயரைப் போட்டுப் பாருங்கள். "கிராபிக்ஸ் கண்ணைப் பறிக்கிறது, கண்ட்ரோல்கள் கைக்கு இதமாக இருக்கின்றன, கதை கடைசிவரை பிடித்து வைக்கிறது" என்று ஒரு பத்தி இருந்தால் அது நூறு கேமுக்குப் பொருந்தும். அதாவது எழுதியவர் எதையும் சொல்லவில்லை.

2011இல் வந்த டார்க் சோல்ஸைப் பற்றி இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்: "செத்தால் அதுவரை சேர்த்த ஆன்மாக்கள் செத்த இடத்திலேயே கிடக்கும், எடுக்கப் போகும் வழியில் இன்னொரு தடவை செத்தால் அத்தனையும் போய்விடும், அதனால் ஏற்கெனவே ஜெயித்த எதிரி முன்னால்கூட இரண்டாம் தடவை கை நடுங்குகிறது." இதில் பெயரை மாற்றினால் வாக்கியம் நிற்காது. கேமின் விதி, அது ஆட்டக்காரரை என்ன செய்கிறது, இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டன, படிக்கிறவரும் இது தனக்குச் சரிப்படுமா என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். இந்தப் பெயர் மாற்றும் சோதனையைக் கீழே அடிக்கடி சொல்லப்போகிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எல்லா ரிவ்யூவும் கதை, கிராபிக்ஸ், சவுண்ட், கண்ட்ரோல்னு ஒரே வரிசையில போகுது?

இது எண்பதுகளின் பத்திரிகைகளிலிருந்து வந்த பழக்கம். பிரிட்டனில் 1981இல் கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ் வந்தது, 1984இல் கிராஷ், 1985இல் ஸாப்!64. ஸாப்பை எடுத்துக்கொண்டால் வெளித்தோற்றத்துக்குத் தனி மார்க், கிராபிக்ஸுக்குத் தனி, சவுண்டுக்குத் தனி, எவ்வளவு சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது, எவ்வளவு நாள் தாங்கும், கொடுத்த காசுக்குத் தகுமா என்று பிரித்துப் பிரித்துப் போட்டார்கள். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. பத்திரிகையில் வருகிற ரெண்டு மூன்று சின்னப் படங்களைத் தவிர வாங்குகிறவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது, சவுண்ட் எப்படி இருக்கும் என்று யாராவது சொன்னால்தான் உண்டு.

இன்றைக்கு ட்ரெய்லரைத் தட்டினால் கிராபிக்ஸும் சவுண்டும் வந்துவிடுகின்றன, ஆனால் அந்த வரிசை மட்டும் போகவில்லை. மார்க்குக்குப் பிரித்த தலைப்புகள் எழுதுகிறவரின் பத்திகளையும் பிரித்துவிட்டன. உண்மையில் ஒரு கேமில் இவை தனித்தனியாக இருப்பதே இல்லை. பயமுறுத்துகிற கேமில் சவுண்ட்தான் கண்ட்ரோல், ஏனென்றால் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் ஓடுவீர்கள். தெரிந்த ஆள் எழுதினால் அங்கேதான் ஆரம்பிப்பார், சவுண்டுக்கு ஆறாவது பத்தியில் தனி இடம் தேட மாட்டார்.

ஏன் எதுக்கு எடுத்தாலும் 7, 8, 9 தான் போடறாங்க? 10க்கு 5ன்னா நடுத்தரம்னு அர்த்தம் இல்லையா?

எட்ஜ் போன்ற சில பத்திரிகைகள் 5ஐ நடுவாக வைக்கத்தான் முயன்றிருக்கின்றன. ஆனால் பொதுவாக 7க்குக் கீழே போனாலே தோல்வி என்று வாசகர்கள் பழகிவிட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு: பிசி கேம் விற்கிற ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் இப்போது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் கேம்கள் வருகின்றன, அதில் மிகச் சிறிய பகுதியைத்தான் சைட்டுகள் ரிவ்யூ செய்கின்றன. எழுத வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவற்றில்தான் 2, 3 வாங்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

இது எழுத்தையும் கெடுக்கிறது. 7க்கும் 8க்கும் நடுவில் தொங்குகிற கேமுக்கு எழுதும்போது கடுமையாக ஒரு வரி எழுதினால் உடனே சமாதானமாக ஒரு வரி என்று மாறி மாறி எழுதி, கடைசியில் அவருக்கு அந்த கேம் பிடித்ததா என்பதே தெரியாமல் போகிறது.

மெட்டாக்ரிட்டிக்னு ஒண்ணு இருக்கே, அது எல்லா மார்க்கையும் சேர்த்துச் சராசரி காட்டுது. அதைப் பார்த்தா போதும்ல?

மெட்டாக்ரிட்டிக் 2001இல் வந்தது. ஒவ்வொரு இடத்தின் மார்க்கையும் 100க்கு மாற்றி, சிலருக்குக் கூடுதல் எடை, சிலருக்குக் குறைவான எடை வைத்துச் சராசரி போடுகிறது. யாருக்கு எவ்வளவு எடை என்பதை வெளியில் சொல்வதில்லை. பெரும்பாலோர் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்க்க அது போதும். ஆனால் ஒருவர் 10 போட்டு இன்னொருவர் 4 போட்ட கேமும், எல்லோரும் 7 போட்ட கேமும் அங்கே ஒன்றாகத் தெரியும், விமர்சகர்களை இப்படிச் சண்டை போட வைத்த அந்த முதல் கேம்தான் உங்களுக்குப் பிடித்ததாக இருக்கலாம்.

இதனால் வந்த பெரிய கேடு ஃபால்அவுட்: நியூ வேகாஸ் கதை. 2010இல் வந்த அந்த கேமைச் செய்தவர்கள் ஒப்ஸிடியன் நிறுவனத்தினர். மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம், வந்தது 84. அங்கே வேலை பார்த்த கிறிஸ் அவெல்லோனே 2012இல் இதை வெளியில் சொன்னார். இதைப் படித்த பிறகு ஒரு விமர்சகர் மார்க் போட உட்காரும்போது என்ன நினைப்பார்? தன் 7 யாரோ ஒருவருடைய சம்பளத்தைக் குறைக்கும் என்ற எண்ணம் ஓரமாகவாவது வரும். அது அவர் சுமக்க வேண்டிய பாரமே இல்லை, கேமை விற்கிற கம்பெனிகள் அவர் தலையில் ஏற்றியது.

அப்போ மார்க்கையே எடுத்துட்டா எழுத்து தானா நல்லாயிடுமா?

கொஞ்சம் உதவும், ஆனால் தானாக ஆகாது. 2007இல் ஆரம்பித்த ராக் பேப்பர் ஷாட்கன் என்ற சைட் மார்க் இல்லாமலே பேர் வாங்கியது. யூரோகேமர் என்ற சைட் 2015இல் மார்க்கை எடுத்துவிட்டு அவசியம், பரிந்துரை, தவிர்க்கவும் என்று முத்திரைகள் வைத்தது, 2023இல் ஐந்து நட்சத்திர முறைக்கு வந்துவிட்டது. பாலிகான் என்ற சைட்டும் 2018இல் மார்க்கைக் கைவிட்டது.

மார்க் இல்லாதபோது வாசகர் ஒழுங்காகப் படிக்க வேண்டியிருக்கிறது, எழுதுகிறவரும் தன் முடிவை வாக்கியத்தில் சொல்லியாக வேண்டியிருக்கிறது, இது நல்லது. ஆனால் மார்க் இருந்தபோது சொல்ல ஒன்றும் இல்லாதவரிடம் மார்க் போன பிறகும் சொல்ல ஒன்றும் இருக்காது. மார்க்கோடு வந்த அருமையான ரிவ்யூக்கள் எத்தனையோ படித்திருக்கிறேன், அதனால் மார்க்கை மட்டும் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை.

கடைசியில பிளஸ், மைனஸ்னு ஒரு பட்டியல் போடறாங்களே, நான் அதை மட்டும்தான் படிப்பேன். தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏமாறுவீர்கள். 2014இல் போகிமான் ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் கேம்களுக்கு ஐஜிஎன் என்ற பெரிய கேம் சைட் 7.8 போட்டு, குறைகளில் "தண்ணீர் அதிகம்" என்று ஒன்றை எழுதியது. உலகமே அதை வைத்து மீம் போட்டது. ஆனால் கேம் விளையாடியவர்களுக்குத் தெரியும், வரைபடத்தில் பெரும்பகுதி கடல், நீர் வகைப் போகிமான்களே திரும்பத் திரும்ப வரும், கடல் தாண்ட அதற்கான மூவ்களைக் கற்றுக்கொடுத்த போகிமான்களைக் கூடவே வைத்திருக்க வேண்டும், இது நியாயமான குறைதான். இரண்டு வார்த்தையாகச் சுருக்கியதும் நியாயம் போய் வேடிக்கை மட்டும் மிஞ்சியது.

இவங்க எல்லாம் கேமை முழுசா முடிச்சிட்டுத்தான் எழுதறாங்களா?

பலர் முடிக்கிறார்கள், சிலருக்கு முடியாது. பெர்சோனா 5 போன்ற கேமில் முக்கியக் கதையை முடிக்கவே சுமார் 100 மணி நேரம் ஆகும். கேம் கைக்கு வருவது வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன்னால், எம்பார்கோ என்று ஒரு நேரம் வைத்து அதற்கு முன் யாரும் வெளியிடக் கூடாது என்பார்கள், அந்த நேரம் வந்த நிமிஷத்தில் வெளியிடாவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். ராத்திரி பகலாக ஓட்டி முடித்துவிட்டு விடிகாலையில் எழுதுகிறவரிடமிருந்து தேய்ந்த வாக்கியங்கள் வருவதில் ஆச்சரியம் இல்லை. ரசித்து விளையாட வேண்டிய ஒன்றை அவர் ஓடிக் கடந்திருக்கிறார் என்பது எழுத்திலேயே தெரியும்.

நேரம் மட்டும் பிரச்சினை இல்லை. 2013இல் வந்த சிம்சிட்டி எப்போதும் இணையத்தில் இருந்தால்தான் ஓடும். வெளியீட்டுக்கு முன்னால் கூட்டமில்லாத சர்வரில் விளையாடிய பாலிகான் 9.5 போட்டது. மக்கள் வாங்கி உள்ளே நுழைந்ததும் சர்வர் படுத்துவிட்டது, மார்க்கை 8 ஆக்கினார்கள், அப்புறம் 4 ஆக்கினார்கள். முதலில் எழுதியதில் பொய் எதுவும் இல்லை, அவர் விளையாடியது நாம் வாங்கிய நிலைமையில் இல்லை, அவ்வளவுதான். எத்தனை மணி நேரம், எந்த மெஷினில், எந்த நிலையில் விளையாடினேன் என்று எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். முடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறவரை நான் அதிகம் நம்புகிறேன்.

கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டுத்தானே நல்லா எழுதறாங்க?

கவரில் வைத்துக் கொடுக்கிற மாதிரி நடக்கிறது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் கிடைத்ததில்லை. அழுத்தம் வேறு வழிகளில் வருகிறது. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் என்ற சைட்டில் ஜெஃப் கெர்ஸ்ட்மன், கேன் அண்ட் லிஞ்ச் என்ற கேமுக்கு 6 போட்டார். அதே சமயம் அந்த சைட் முழுக்க அதே கேமின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். 2008இல் அவர் ஜயன்ட் பாம் என்ற சைட்டை ஆரம்பித்தார். 2012இல்தான் நடந்ததைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிந்தது, விளம்பரம் கொடுப்பவர்களின் அழுத்தத்துக்கு அன்றைய நிர்வாகம் வளைந்துகொடுத்தது என்று விளக்கினார்.

இன்னொரு வழி, எதைக் காட்டுவது என்பதைக் கம்பெனி தன் கையில் வைத்துக்கொள்வது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது ரிவ்யூவுக்குக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும், ஆரம்ப ரிவ்யூக்களில் தாங்கள் பதிவு செய்த வீடியோவைக்கூடப் போடக் கூடாது, கம்பெனி கொடுத்ததைத்தான் போட வேண்டும். சோனியின் பிஎஸ்4 கன்சோலில் அது எந்த லட்சணத்தில் ஓடியது என்பது வாங்கியவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது, ஒரு வாரத்தில் சோனி அதைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. இங்கேதான் எழுத்தின் நேர்மை வேலைக்கு வருகிறது. "கன்சோல் பதிப்பை எங்களுக்குக் காட்டவில்லை" என்ற ஒரு வரியை மேலேயே, கொட்டை எழுத்தில் எழுதுகிறவர் தன் வேலையைச் செய்கிறார்.

விமர்சகர் தன் சொந்த அபிப்பிராயத்தைத் திணிக்காம நடுநிலையா எழுதக் கூடாதா?

ஃப்ரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது) எவ்வளவு, எங்கே கேம் தொங்குகிறது என்பதை அளந்து சொல்லலாம், யூரோகேமரோடு சேர்ந்து வளர்ந்த டிஜிட்டல் ஃபவுண்ட்ரி அதைப் பிரமாதமாகச் செய்தது. மற்றபடி ரிவ்யூ என்பதே ஒருவரின் அபிப்பிராயம், அதை மறைத்து எழுதினால் மேலே சொன்ன பெயர் மாற்றும் சோதனையில் தோற்கிற வாக்கியங்கள்தான் வரும். 2004இல் கீரன் கில்லன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் கேம் எழுத்து பயணக்கட்டுரை மாதிரி இருக்க வேண்டும், அந்த உலகத்துக்குள் போய் எனக்கு என்ன ஆனது என்று எழுத வேண்டும் என்று வாதாடினார். அதைப் பின்பற்றி அருமையான கட்டுரைகளும் வந்தன, கேமைவிட்டுத் தன்னைப் பற்றியே எழுதிய சலிப்பான கட்டுரைகளும் வந்தன.

நமக்கு நெருக்கமான உதாரணம் வெண்பா என்ற கேம். 2023இல் டொராண்டோவிலிருந்து வந்தது, எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை, அம்மாவின் கிழிந்து மங்கிப்போன சமையல் குறிப்பை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது நமக்குக் கைப்பழக்கம், இட்லியே பார்க்காதவருக்கு அது நிஜமான புதிர். இருவரும் நடுநிலை என்ற பேரில் "புதிர்கள் எளிமையானவை" என்று எழுதினால் இருவருமே எதையும் சொல்லவில்லை. நான் இந்தச் சாப்பாட்டில் வளர்ந்தவன், அல்லது எனக்கு இது புதுசு என்று சொல்லிவிட்டு எழுதினால் இரண்டு ரிவ்யூவும் உண்மை, இரண்டும் தேவை.

வெண்பா ரெண்டு மணி நேரம்கூட இல்லையே. நீளம் குறைவுன்னு குறை சொல்றது சரிதானே?

விலையோடு சேர்த்துச் சொன்னால் அது பயனுள்ள தகவல். ஆனால் குறை என்று எழுதினால், இன்னும் ஒரு மணி நேரத்தில் எது வந்திருக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். மகன் கவினின் வாழ்க்கையை அவசரமாகத் தாண்டிப் போகிறது என்று ஒருவர் எழுதினால் அதோடு நான் வாதாடலாம், "சீக்கிரம் முடிந்துவிடுகிறது" என்று மட்டும் எழுதினால் அதில் வாதாட என்ன இருக்கிறது? அந்தச் சின்ன கேம்தான் 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது.

காப்பி அடிச்ச ரிவ்யூவை நாமளே கண்டுபிடிக்க முடியுமா?

கஷ்டம். 2018இல் டெட் செல்ஸ் கேமுக்கு ஐஜிஎன்னில் வந்த ரிவ்யூ, ஒரு சின்ன யூடியூப் சேனலின் ரிவ்யூவிலிருந்து எடுத்தது என்று அந்த சேனல்காரரே வீடியோவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஐஜிஎன் அதை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, எழுதியவரையும் அனுப்பியது. அதைப் படித்தவர்களுக்கு முதலில் எதுவும் உறுத்தவில்லை, ஏனென்றால் பல ரிவ்யூக்கள் ஒரே சொற்களில் வந்து நம் காது மரத்துப்போயிருக்கிறது. இப்போது மெஷினே எழுதித் தள்ளும் காலத்தில் இது இன்னும் மோசமாகும். நம் கையில் இருப்பது அதே பெயர் மாற்றும் சோதனைதான்.

யூடியூப்ல பார்த்துடலாமே, எதுக்குப் படிக்கணும்?

எப்படி இருக்கும் என்று பார்க்க யூடியூப்தான் சிறந்தது. ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிக்க எழுத்து வசதி, நிறுத்தி, திரும்பிப் படித்து, கதையின் ரகசியம் வெளியாகிற இடத்தைத் தாண்டிப் போகலாம். ஆனால் எழுத்து பத்திரமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். 1991இலிருந்து வந்த கேம் இன்ஃபார்மர் பத்திரிகையை 2024 ஆகஸ்டில் மூடியபோது சைட்டையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள், பழைய கட்டுரைகள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போயின. 2025இல் வேறு கைக்கு மாறித் திரும்பி வந்தது. பிடித்த ரிவ்யூவைச் சேமித்து வையுங்கள்.

எனக்குத் தமிழ்ல கேம் ரிவ்யூ எழுத ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ட்ரெய்லரில் தெரிகிற எதையும் எழுதாதீர்கள். விளையாடும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, கண்ட்ரோலரைக் கீழே வைத்த நிமிஷங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏன் வைத்தீர்கள், எரிச்சலா, பயமா, ஆச்சரியமா என்று. ரிவ்யூ அதில் ஏற்கெனவே பாதி இருக்கும். இங்கிலீஷ் ரிவ்யூவின் வரிசையை அப்படியே தமிழில் கொண்டுவர வேண்டாம், அதே நோய்தான் ஒட்டும். நண்பருக்கு போனில் சொன்னால் எதை முதலில் சொல்வீர்களோ அது முதல் பத்தி.

சிரிப்பாகவும் எழுதலாம். 2000இல் ஓல்ட் மேன் மர்ரே என்ற சைட்டில், கேம் ஆரம்பித்து எத்தனை விநாடியில் முதல் மரப்பெட்டி கண்ணில் படுகிறது என்று அளந்து அதை வைத்தே கேம்களைத் தரம் பிரித்தார்கள். வடிவமைப்பாளர்களின் கற்பனை எங்கே தீர்ந்துபோனது என்பதை அதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதில்லை. அதை எழுதிய இருவரில் ஒருவரான எரிக் வோல்பா பிறகு வால்வ் என்ற கேம் கம்பெனியில் சேர்ந்து போர்ட்டல் கேமுக்கு எழுதினார்.

நல்லா எழுதியிருக்காங்க, ஆனா முடிவு தப்புன்னா? அது நல்ல ரிவ்யூவா, மோசமான ரிவ்யூவா?

எனக்கு அது நல்ல ரிவ்யூதான். 1994இல் எட்ஜ் பத்திரிகை டூமுக்கு 10க்கு 7 போட்டது. இந்த ஜந்துக்களோடு பேச முடிந்தால், நட்பு வைத்துக்கொள்ள முடிந்தால் எப்படி இருக்கும் என்று அதில் எழுதியிருந்தார்கள். வரலாற்றிலேயே பெரிய சுடும் கேமைப் பார்த்து இப்படியா கேட்பது என்று பல வருடம் அதைக் கிண்டல் செய்தார்கள். டூமின் அருமை அந்த வேகத்தில் இருக்கிறது, அதை அந்த 7 பிடிக்கவில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த மாதம் டூமைப் பற்றி எழுதப்பட்ட பாராட்டுகளில் எது இன்று நினைவில் இருக்கிறது? இந்த ஒரு வரி மட்டும் நிற்கிறது, ஏனென்றால் இந்த கேமில் சுடுவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது என்பதை ஒருவர் நிஜமாகவே கவனித்து, அது தனக்குப் போதவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதைப் படிக்கிற டூம் ரசிகர் "எனக்கு அதுவே போதும்" என்று தெரிந்துகொண்டு தைரியமாக வாங்கலாம். 2015இல் அண்டர்டேல் வந்தது, அதில் எதிரில் வருகிற ஒவ்வொரு ஜந்துவோடும் பேசலாம், யாரையும் கொல்லாமலே கடைசிவரை போகலாம்.